லாரிப் பட்டறைக்கு ஏர் இம்பாக்ட் கன்: அரையா, முக்காலா, ஒரு இஞ்சா?

டேங்கர்பட்டறை (நாமக்கல்)
எல்லாருக்கும் வணக்கம். லாரி, டேங்கர் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரே நேரத்தில் மூன்று வண்டி நிற்கும். வீல் கழற்றுவது, பிரேக் லைனர் மாற்றுவது, ஸ்பிரிங் யூ போல்ட், கியர்பாக்ஸ் இறக்குவது எல்லாம் உண்டு. நடுவில் தெரிந்தவர்களின் காரும் வரும். நட்டைக் காற்றால் அடித்துச் சுழற்றிக் கழற்ற இப்போது இருப்பது பெயர் தெரியாத ஒரு அரை இஞ்ச் கன் (சாக்கெட் மாட்டும் சதுர முனை அரை இஞ்ச்). லாரி வீல் நட்டில் வைத்தால் டடடடவென்று அடிக்கும், நட்டு மட்டும் அசையாது. அப்புறம் பையன்கள் நாலடி பைப்பைச் சொருகி ஏறி மிதிக்கிறார்கள்.

முக்கால் இஞ்ச் ஒன்று வாங்கினால் லாரி, கார் இரண்டையும் அதிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். டப்பாவில் 1500 நியூட்டன் மீட்டர் என்று போட்ட ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கம்ப்ரசர் 5 எச்பி, 220 லிட்டர் டேங்க். எந்தக் கம்பெனி, எந்த மாடல் வாங்கலாம்?

டயர்கடை (மதுரை)
லாரி என்றால் ஒரு இஞ்ச். வேறு பேச்சே கிடையாது.

காற்றுக்குழாய் (கோவை)
தம்பி, மாடல் இருக்கட்டும். கையில் இருக்கும் கன்னுக்கே காற்று ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். கம்பெனி சொல்லும் டார்க் (நட்டைத் திருகும் விசை) எல்லாம், கன்னுக்குள் நுழையும் இடத்தில் 6.2 பார், அதாவது 90 பிஎஸ்ஐ இருந்தால் கிடைப்பது. அதுவும் டிரிகரை அழுத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்க வேண்டும். டேங்க் கேஜ் 8 பார் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. காற்று ஓடாமல் நிற்கும்வரை ஹோஸ் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் இரண்டு முனையிலும் ஒரே பிரஷர்தான் காட்டும். ஓட ஆரம்பித்ததும்தான் குட்டு வெளிப்படும்.

ஒரு டீ ஜாயின்ட்டும் சின்னதாக ஒரு பிரஷர் கேஜும் வாங்கி, கன்னுக்கும் ஹோஸுக்கும் நடுவில் மாட்டுங்கள். சாக்கெட்டைக் கழற்றிவிட்டு கன்னை வெறுமனே ஓட்டுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று வந்து சொல்லுங்கள். அது தெரியாமல் மாடல் சொன்னால் குருட்டு யோசனைதான்.

டேங்கர்பட்டறை
மாட்டிப் பார்த்தேன் அண்ணா. டேங்கில் 8 பார். கன் நிற்கும்போது இங்கேயும் 8. டிரிகரை அழுத்தியதும் முள் சரசரவென்று இறங்கி 4க்குக் கொஞ்சம் கீழே ஆடுகிறது. ஹோஸ் உள்ளளவு 8 மிமீ, நீளம் 20 மீட்டர் இருக்கும். நடுவில் இரண்டு கப்ளர். ஓர் இடத்தில் வெட்டி கிளிப் போட்டு இணைத்தது.

காற்றுக்குழாய்
பாதிப் பிரஷர் வழியிலேயே போய்விடுகிறது. இந்த ஹோஸில் எந்தப் புதுக் கன்னை மாட்டினாலும் இதே கதைதான், பெரிய கன் என்றால் இன்னும் மோசம். அது அதிகக் காற்று கேட்கும், முள் இன்னும் கீழே இறங்கும்.

அரை இஞ்ச் கன்னுக்குக் குறைந்தது 10 மிமீ உள்ளளவு ஹோஸ் வேண்டும். முக்கால் இஞ்சுக்கு 13 மிமீ. ஒரு இஞ்சுக்கு 19 மிமீ. கப்ளரையும் விடாதீர்கள். கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கால் இஞ்ச் கப்ளரின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பென்சில்கூட நுழையாது. தடிமனான ஹோஸ் போட்டு அதன் முனையில் இதை மாட்டினால் போட்ட காசு வீண். ஒரு இஞ்ச் கன்னுக்கு அரை இஞ்ச் மரையுள்ள பெரிய கப்ளர்தான், இல்லாவிட்டால் நேரடியாக மரை போட்டு இறுக்கிவிடுங்கள்.

அடுத்தது கம்ப்ரசர். பிஸ்டன் கம்ப்ரசரில் 1 எச்பிக்கு 3லிருந்து 4 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று உண்மையில் வெளியே வரும். பெயர்ப்பலகையில் இதைவிடப் பெரிய எண் போட்டிருந்தால் அது பிஸ்டன் அளவை வைத்துப் போட்ட கணக்கு. ‘ஃப்ரீ ஏர் டெலிவரி’, அதாவது உண்மையில் வெளிவரும் காற்று, எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் 5 எச்பிக்கு 15 சிஎஃப்எம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு இஞ்ச் கன் ஓடும்போது 50 சிஎஃப்எம் வரை இழுக்கும். கேட்டலாகில் சராசரி என்று 10, 12 போட்டிருப்பார்கள். அது நிமிடத்தில் கால்வாசி நேரம்தான் டிரிகர் அழுத்துவீர்கள் என்று எடுத்துக்கொண்ட கணக்கு.

உங்கள் டேங்க் 10 பாரில் நிரம்பியிருந்தால், 7 பாருக்கு இறங்கும்வரை 220 லிட்டர் × 3 = 660 லிட்டர் காற்று கிடைக்கும், அதாவது 23 கன அடி. கன் 50 இழுக்கிறது, கம்ப்ரசர் 15 திருப்பிப் போடுகிறது, நிகரம் 35. ஆக 40 விநாடிக்குக் குறையாமல் கன் தெம்பாக ஓடும். ஒரு நட்டுக்கு 4 விநாடி என்றால் பத்து நட்டு, ஒரு வீல். துருப்பிடித்த நட்டு என்றால் பாதி வீலில் மூச்சு வாங்கும். வீலை இறக்கி உருட்டி ஓரம் வைப்பதற்குள் ஒன்றரை நிமிடம் ஆகிவிடும், அதற்குள் டேங்க் மறுபடி நிரம்பும். ஆகவே ஒரே ஒரு ஒரு இஞ்ச் கன் வைத்து நிதானமாக வேலை செய்ய இந்தக் கம்ப்ரசர் போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்தால் போதாது.

டேங்கர்பட்டறை
கம்ப்ரசர் தானாக நிற்கும் கட் ஆஃப் 8 பாரில் வைத்திருக்கிறது. 10க்கு ஏற்றலாமா?

காற்றுக்குழாய்
கம்ப்ரசரும் டேங்கும் அதற்குத் தாங்கும் என்று பிளேட்டில் எழுதியிருந்தால் மட்டும். சிங்கிள் ஸ்டேஜ் (காற்றை ஒரே தடவையில் அமுக்குவது) என்றால் வேண்டாம். சேஃப்டி வால்வைத் திருகி வைத்து ஏற்றும் வேலை மட்டும் செய்துவிடாதீர்கள். சிங்கிள் ஸ்டேஜாக இருந்தால் இப்போதைக்கு இதையே 19 மிமீ லைனோடு ஓட்டுங்கள். அடுத்து மாற்றும்போது டூ ஸ்டேஜ் 7.5 எச்பியாகப் பாருங்கள். கோவை எல்ஜி மாதிரி நம் ஊர்ப்பக்கம் சர்வீஸ் ஆள் வரக்கூடிய கம்பெனியாக இருந்தால் தலைவலி குறைவு.

டூல்ஸ்கவுண்டர் (சேலம்)
நான் டூல்ஸ் விற்கிற ஆள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவில் இருக்கும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 1500 என்பது எந்த 1500 என்று கேளுங்கள். இறுக்கும் திசையிலா, கழற்றும் திசையிலா, இல்லை பிடித்துக்கொண்ட நட்டை முதலில் அசைக்கும் ‘நட் பஸ்டிங்’ என்று போடும் எண்ணா? இங்கர்சால் ராண்ட் 2235 டைமேக்ஸ் பிரபலமான அரை இஞ்ச் கன். அதற்குக் கழற்றும் திசையில் 930 அடி பவுண்டு என்று ஒரு எண்ணும், நட் பஸ்டிங் 1350 அடி பவுண்டு என்று இன்னொரு எண்ணும் கம்பெனியே கொடுக்கிறது. நியூட்டன் மீட்டரில் முதலாவது சுமார் 1260, இரண்டாவது 1830. கன் ஒன்றுதான். ஒரு கம்பெனியின் பெரிய எண்ணையும் இன்னொரு கம்பெனியின் சின்ன எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பெயரே இல்லாத சரக்கில் அந்த எண்ணை அச்சடிக்க மை மட்டும்தான் செலவு. ஒரு நல்ல அரை இஞ்ச் கன்னே 1200, 1300ஐத் தொடும்போது, முக்கால் இஞ்சில் வெறும் 1500 என்பது பெரிய விஷயமும் இல்லை.

டயர்கடை (மதுரை)
விற்கிற ஆளே இப்படிச் சொல்கிறாரே, மழை வரும்.

சங்ககிரி_மெக்கானிக்
தம்பி, நம் பக்கத்து ஆள் என்பதால் விலாவாரியாகச் சொல்கிறேன். முக்கால் இஞ்ச் ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் ஓட்டலாம் என்ற யோசனையை விடுங்கள். அது லாரி வீலுக்குக் கொஞ்சம் போதாது, கியர்பாக்ஸ் சந்துக்குள் கொஞ்சமும் நுழையாது. காருக்கு வைத்தால் ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறும் போல்டை, முறிக்கும். சிற்றுந்து, பிக்அப், மினி லாரி மட்டும் பார்க்கிற பட்டறைக்கு முக்கால் சரியான கன். டாரஸ் மாதிரிப் பெரிய லாரியும் டேங்கரும் நிற்கிற இடத்துக்கு இரண்டு கன் வேண்டும்.

ஒன்று, வீலுக்கு மட்டும் ஒரு இஞ்ச். ஆன்வில் (சாக்கெட் மாட்டும் முனைத்தண்டு) நீளமானதாக வாங்குங்கள், 6 இஞ்ச் நீட்டி இருக்கும். பின்பக்க டபுள் வீலில் நட்டு உள்ளே ஆழத்தில் இருக்கும். குட்டை ஆன்வில் வாங்கிவிட்டு எக்ஸ்டென்ஷன் போட்டால் அந்த இணைப்பிலேயே அடியின் வேகம் குறைந்துவிடும். ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் தின்னும். எடை பத்துக் கிலோவைத் தாண்டும், ஆகவே சங்கிலியில் தொங்கவிடுங்கள், இல்லை சின்னச் சக்கர வண்டியில் கிடத்தி உயரம் மாற்றிக்கொள்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள். பட்டறையிலேயே வெல்டிங் இருக்கிறதே, ஒரு மத்தியான வேலை.

இரண்டாவது, அரை இஞ்சில் நல்ல கம்பெனியாக ஒன்று. மேலே சொன்ன 2235 இருக்கிறது, சிகாகோ நியூமேட்டிக் 7748 இருக்கிறது. இரண்டும் இரண்டு கிலோ சுற்றித்தான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்கிறவனிடம் கேட்டால் அரைக் கிலோ வித்தியாசம் என்னவென்று சொல்வான். பட்டறையில் நாள் முழுக்கக் கையில் இருக்கப்போவது இதுதான். காசு குறைவாக இருந்தால் ஒரு இஞ்சைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் இதையும் ஹோஸையும் வாங்குங்கள் என்பேன்.

இன்னொன்று. சில பழைய வண்டிகளில் இடதுபக்க வீலுக்கு இடது மரை இருக்கும். புதுப்பையன் கழற்றுகிறேன் என்று இறுக்கிக்கொண்டே போவான். ஸ்டட்டின் முனையில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டுக் கன்னைக் கையில் கொடுங்கள்.

டேங்கர்பட்டறை
ஒரு இஞ்ச் கன்னிலேயே வீலை இறுக்கியும் விடலாம்தானே? நேரம் மிச்சம்.

சங்ககிரி_மெக்கானிக்
கூடாது. கன்னில் நட்டைக் கொண்டுபோய் உட்கார வைக்கலாம், அவ்வளவுதான். கடைசி இறுக்கு, டார்க்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில்தான். பத்து ஸ்டட் லாரி வீலில் 22 மிமீ ஸ்டட்டுக்கு 600 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் கேட்பார்கள். சரியான எண்ணை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். ஒரு இஞ்ச் கன் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு கொடுக்கும். அப்படி இழுத்த ஸ்டட் அன்றைக்கு ஒன்றும் காட்டாது, நீண்டுபோய் இருக்கும். பிறகு லோடோடு போகும்போது ஒன்று முறியும், அதன் பாரம் பக்கத்து ஸ்டட்டுக்குப் போகும், அதுவும் முறியும். எதிரெதிராக இறுக்கி, 50லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப டார்க் பார்க்கச் சொல்லி டிரைவரிடம் எழுதியே கொடுங்கள்.

காருக்கும் அதேதான். அங்கே 100 நியூட்டன் மீட்டர் சுற்றித்தான் வேண்டும். அரை இஞ்ச் கன் கண்ணிமைக்கும் நேரத்தில் அதைத் தாண்டிவிடும்.

டயர்கடை (மதுரை)
அண்ணே, ரோட்டுக் கடையில் டார்க் ரெஞ்ச் எடுத்தால் டிரைவர் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். கன்னை எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

சங்ககிரி_மெக்கானிக்
கைக்குத் தெரிவது டேங்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். மேலே அந்தத் தம்பி கேஜ் மாட்டிப் பார்த்ததைப் படிக்கவில்லையா? முதல் நட்டுக்கு 8 பார், பத்தாவது நட்டுக்கு 5 பார். அதே மூன்று விநாடி அடித்தால் அதே இறுக்கம் எப்படி வரும்?

டயர்கடை (மதுரை)
சரி, இதற்குப் பதில் இல்லை என்னிடம். ஆனாலும் ரோட்டில் நின்று பாருங்கள் தெரியும்.

ஷார்ஜாகராஜ்
2026லும் ஹோஸ் இழுத்துக்கொண்டிருக்கிறீர்களா? பேட்டரி கன் வாங்குங்கள். மகிட்டா, பாஷ், மில்வாக்கி எல்லாவற்றிலும் 18 வோல்ட்டில் 1000 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது. இங்கே எங்கள் கராஜில் ஏர் கன் சுவரில் தொங்குகிறது, எடுக்கிற ஆள் இல்லை.

காற்றுக்குழாய்
கார் கராஜுக்கு ஒத்துக்கொள்கிறேன். வழியில் நின்றுபோன வண்டிக்கு ஓடுவதற்கும் பேட்டரிதான் சௌகரியம், ஜெனரேட்டரும் கம்ப்ரசரும் தூக்க வேண்டாம். ஆனால் ஒரு பத்து வீல் டாரஸுக்கு ஆறு வீல் இடம், இடத்துக்குப் பத்து நட்டு, மொத்தம் அறுபது. அதுவும் பிடித்துக்கொண்ட நட்டு. அப்படி நாளுக்கு நாலைந்து வண்டி பார்த்தால் பேட்டரி சூடேறி நின்றுவிடும், மாற்றி மாற்றிப் போட நாலு பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு வயதும் ஆகும். ஏர் கன்னில் சூடாக எரிந்துபோக மோட்டார் வயரிங் இல்லை. உள்ளே காற்று தள்ளிச் சுழற்றும் பிளேடு தேய்ந்தால் ஒரு செட் மாற்றினால் பழையபடி ஓடும். பிரேக்குக்கும் டயருக்கும் கிரீஸ் அடிக்கவும் எப்படியும் கம்ப்ரசர் பட்டறையில் இருக்கத்தான் போகிறது.

ஷார்ஜாகராஜ்
லாரிக்கு சரி, ஏற்கிறேன். அரை இஞ்சை மட்டும் பேட்டரியில் வாங்கச் சொல்லுங்கள் என்கிறேன். வண்டிக்கு அடியில் ஹோஸ் சிக்காது.

சங்ககிரி_மெக்கானிக்
அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடையைத் தூக்கிப் பாருங்கள், பெரிய பேட்டரியோடு மூன்று கிலோவுக்கு மேல் போகும்.

நட்டுபோல்ட் (திருச்சி)
வாங்குவதற்கு முன் உள்ளே என்ன சுத்தியல் என்று கேளுங்கள். ட்வின் ஹேமர் என்றால் இரண்டு சுத்தியல் எதிரெதிரே ஒன்றாக அடிக்கும். அடி சமமாக இருக்கும், கைக்கு அதிர்வு குறைவு, அதிக நாள் உழைக்கும். தொழிலுக்கு வாங்கும் அரை இஞ்ச் பெரும்பாலும் இதுதான். பின் கிளட்ச் என்று இன்னொரு வகை உண்டு, பெரிய கன்களில் பார்க்கலாம். விலை குறைந்தவற்றில் ஒற்றைச் சுத்தியல் போட்டிருப்பார்கள். அடி பலமாகத் தெரியும், கை ஆடிப்போகும்.

சாக்கெட்டும் முக்கியம். பளபளவென்று குரோம் பூசிய கை சாக்கெட்டைக் கன்னில் போடாதீர்கள். அது கடினமான இரும்பு, அடி வாங்கினால் சில்லாகத் தெறிக்கும். கறுப்பாக இருக்கும் இம்பாக்ட் சாக்கெட், அதுவும் ஆறு முனை உள்ளதாக. லாரிக்கு 30, 32, 33 மூன்றும் வைத்துக்கொள்ளுங்கள். 33ல் போகும் நட்டுக்கு 32ஐ சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை இஞ்ச் கன்னில் முக்கால் அடாப்டர் போட்டு லாரி வீலைப் பிடிக்கும் வித்தையும் வேண்டாம், முறிவது அடாப்டராகத்தான் இருக்கும்.

கண்ணாடி போடச் சொல்லுங்கள். காதுக்கும் ஏதாவது. தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் வேலை செய்யலாம், 95 என்றால் நாலு, 100 என்றால் இரண்டு. ஒரு இஞ்ச் கன் இந்த எண்களைச் சுலபமாக எட்டும். பக்கத்தில் நின்று ஹோஸ் பிடிக்கிற பையனுக்கும் காது உண்டு.

டேங்கர்பட்டறை
பையன்களில் ஒருவன் காலையில் விரல் நுனி மரத்துப்போகிறது என்கிறான். இதனாலா?

நட்டுபோல்ட் (திருச்சி)
இருக்கலாம், அசட்டையாக விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, என்ன வேலை என்றும் சொல்லச் சொல்லுங்கள். அதிர்வில் விரலின் ரத்தக் குழாயும் நரம்பும் கெடும், குளிரில் விரல் வெளுக்கும். ஐரோப்பாவில் கைக்கு வரும் அதிர்வு எட்டு மணி நேரச் சராசரியில் 2.5 மீட்டர்/விநாடி² ஆனால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. கன்னின் அதிர்வு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், டார்க்கைப் பார்ப்பதோடு இதையும் பாருங்கள். இப்போதைக்கு அவனைக் கன் வேலையிலிருந்து மாற்றிவிடுங்கள். தேய்ந்த சாக்கெட், பிரஷர் குறைந்த காற்று இரண்டுமே கை வாங்கும் அதிர்வைக் கூட்டும். நட்டு கழன்றால் இரண்டு விநாடி, கழலாவிட்டால் இருபது விநாடி அவன் கையில்தானே அடிக்கிறது.

டூல்ஸ்கவுண்டர் (சேலம்)
வாரண்டியில் திரும்பி வரும் கன்களைத் திறந்தால் பாதிக்கு மேல் உள்ளே துருவும் தண்ணீரும்தான். காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். ஐப்பசி, கார்த்திகையில் டேங்கின் அடிக் குழாயைத் திறந்தால் சொம்பு கணக்கில் வரும். தினமும் திறந்துவிடுங்கள். காலையில் கன்னுக்குள் நாலைந்து சொட்டு ஏர் டூல் ஆயில். என்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள், கெட்டியாகிப் பிளேடு ஒட்டிக்கொள்ளும். லைனில் ஃபில்டர் (தண்ணீர், அழுக்கு பிடிப்பது), ரெகுலேட்டர் (பிரஷரைக் கட்டுப்படுத்துவது), லூப்ரிகேட்டர் (ஆயில் கலப்பது) மூன்றும் சேர்ந்த யூனிட் போட்டால் இன்னும் நல்லது.

கன் ஓடும்போது அதன் வாயில் 6.2 பார் இருக்கிற மாதிரி ரெகுலேட்டரை வையுங்கள். 8, 9 என்று ஏற்றினால் முதல் மாதம் சந்தோஷமாக இருக்கும், அப்புறம் சுத்தியலும் ஆன்விலும் உடைந்து என்னிடம் வருவீர்கள். வாங்கும்போதே பிளேடு செட், ஆன்வில் இரண்டும் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

டேங்கர்பட்டறை
எல்லாருக்கும் நன்றி. 10 மிமீ ஹோஸ் பத்து மீட்டரும் பெரிய கப்ளரும் வாங்கி அதே பழைய கன்னை மாட்டினேன். இப்போது ஓடும்போது முள் 6க்கு மேலே நிற்கிறது. பிக்அப் வீல் நட்டு எல்லாம் பட்டென்று கழல்கிறது. லாரி வீலில் பத்தில் மூன்று, நாலு அசைகிறது, மீதிக்குப் பழைய பைப்தான்.

ஆகவே அரை இஞ்சில் நல்ல கன் ஒன்று இந்த மாதம், கூடவே டார்க் ரெஞ்ச். ஒரு இஞ்சும் 19 மிமீ ஹோஸும் தீபாவளிக்கு அப்புறம். கம்ப்ரசரிலிருந்து மூன்று இடத்துக்கும் பிவிசி பைப்பில் லைன் இழுத்து, கம்ப்ரசர் வாயிலேயே அந்த மூன்று சேர்ந்த யூனிட்டை மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

காற்றுக்குழாய்
இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். பிவிசி வேண்டவே வேண்டாம். தண்ணீர்க் குழாய் உடைந்தால் நனைவோம், காற்றுக் குழாய் உடைந்தால் துண்டுகள் கத்தி மாதிரி பறக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) போடுங்கள், இல்லை அலுமினிய லைன். கம்ப்ரசரிலிருந்து தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் சரிவாக இறக்கி, கடைசியில் தண்ணீர் வடிய ஒரு வால்வு. கன்னுக்கு எடுக்கும் கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள், தண்ணீர் கன்னுக்கு வராது.

அப்புறம், டேங்கர் பட்டறை என்கிறீர்கள். பெயிண்ட் ஸ்பிரேயும் இதே கம்ப்ரசரில்தானே?

டேங்கர்பட்டறை
ஆமாம் அண்ணா, கடைசி இடம் பெயிண்டிங்தான்.

காற்றுக்குழாய்
அப்படியென்றால் லூப்ரிகேட்டரைக் கம்ப்ரசர் வாயில் மாட்டாதீர்கள். ஆயில் கலந்த காற்று லைன் முழுக்கப் போய்விடும். பெயிண்ட்டில் எண்ணெய் பட்ட இடமெல்லாம் குழி குழியாக விலகி நிற்கும், டேங்கர் முழுக்கத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். மெயின் லைனில் ஃபில்டர் மட்டும். ரெகுலேட்டரும் லூப்ரிகேட்டரும் கன் இருக்கும் கிளையில். லூப்ரிகேட்டர் வழியாக ஒரு தடவை ஆயில் போன ஹோஸைப் பெயிண்டிங் பக்கம் கொண்டுபோகக் கூடாது, இரண்டுக்கும் வேறு வேறு நிற ஹோஸ் வாங்கிவிடுங்கள்.

டேங்கர்பட்டறை
நல்லவேளை கேட்டேன். எங்கள் பெயிண்டர் ஏற்கெனவே கன்காரப் பையன்கள் காற்றையெல்லாம் தின்றுவிடுகிறார்கள் என்று முறைத்துக்கொண்டு திரிகிறார். ஹோஸ் அவருக்கு நீலம், எங்களுக்குச் சிவப்பு.